பவளத் தொட்டிக்கு எந்த அளவு ஸ்கிம்மர் வாங்குவது? படிப்படியான முழுமையான வழிகாட்டி

கடல்நீர்த் தொட்டி வைப்பவர் வாங்கும் கருவிகளில், அளவைப் பொறுத்தவரை அதிகக் குழப்பம் தருவது, காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாக எழுப்பி ஒரு கோப்பையில் சேர்க்கும் புரோட்டீன் ஸ்கிம்மர்தான். ஹீட்டருக்கு வாட் கணக்கு இருக்கிறது, நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு வெப்பக் கணக்கு இருக்கிறது, விளக்குக்கு ஒளியை அளக்கும் மானி இருக்கிறது. ஸ்கிம்மரின் பெட்டியிலோ "800 லிட்டர் வரை" என்பதுபோல் ஓர் எண் மட்டுமே அச்சாகியிருக்கிறது. அந்த எண்ணை எந்தச் சோதனையின்படி கணிக்க வேண்டும் என்பதற்குத் தொழிலில் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனம் நான்கு சிறு மீன்கள் உள்ள தொட்டியை நினைத்து அதை எழுதுகிறது, இன்னொரு நிறுவனம் மீன் நெருக்கமான தொட்டியை நினைத்து எழுதுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து லிட்டரை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதால்தான், பலருடைய ஸ்கிம்மர் நுரையே எழுப்பாமல் சும்மா சுழல்கிறது, அல்லது ஒவ்வொரு நாளும் கோப்பை நிரம்பி வழிகிறது.

கணக்கு லிட்டரில் தொடங்கினாலும், அளவை உண்மையில் முடிவு செய்வது தொட்டிக்குள் தினமும் விழும் தீனிதான் என்பது என் கருத்து. அதை விளக்க, இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். அது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்டது. அதன் கீழே 90 × 40 × 40 செ.மீ. சம்ப் (தொட்டியிலிருந்து வழியும் நீரை வாங்கிக் கருவிகளைத் தாங்கும் துணைத் தொட்டி) இருக்கிறது. சாஃப்ட் கோரல் (மென்பவளம்), எல்.பி.எஸ். (பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்), ஓரிரு எஸ்.பி.எஸ். (சிறு பாலிப் கொண்ட கல்பவளம்) என்று கலந்து வளர்க்கும் இத்தொட்டி சென்னையில் ஓர் அடுக்ககத்தின் வரவேற்பறையில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்கிம்மர் எதை எடுக்கிறது, எதை எடுப்பதில்லை

மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, பவளங்கள் சுரக்கும் கோழை, பாசியிலிருந்து கசிபவை ஆகியவற்றால் நீரில் சேரும் கரிமப் பொருள்களில் ஒரு பகுதிக்கு இரட்டை இயல்பு உண்டு. மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடுகிறது, மறுமுனை நீரை விலக்குகிறது. நீருக்குள் காற்றுக் குமிழி வந்ததும், விலக்கும் முனை காற்றின் பக்கமும் நாடும் முனை நீரின் பக்கமுமாக அந்த மூலக்கூறுகள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அக்குமிழிகள் மேலேறி, ஒடுங்கிய கழுத்துக்குள் நெருங்கி, இடையிலுள்ள நீர் வடியவடியக் கெட்டியான நுரையாகிக் கோப்பைக்குள் வழிகின்றன. கடல்நீரில் உள்ள உப்புகள் குமிழிகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாவதைத் தடுப்பதால், அங்கே நுண்குமிழிகள் நீடிக்கின்றன. நன்னீர்த் தொட்டியில் இதே கருவி ஏறக்குறையப் பயனற்றுப் போவதற்கு இதுவே முதன்மையான காரணம். மழைக்காலத்தில் மெரினாவில் சில ஆண்டுகள் ஒதுங்கும் வெண்ணுரையும் இதே இயற்பியலின் விளைவுதான், அங்கே கரிமப் பொருளோடு சோப்பும் சாக்கடையும் சேர்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கனிம அயனிகளாக மாறிவிட்ட பிறகு குமிழியில் ஒட்டுவதில்லை. அவை உருவாவதற்கு முன்பே மூலப்பொருளில் ஒரு பங்கை வெளியேற்றுவதுதான் ஸ்கிம்மரின் வேலை. எனவே நைட்ரேட் ஏற்கெனவே 50 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஏறிவிட்ட தொட்டியில் பெரிய ஸ்கிம்மரை மாட்டிவிட்டு, மறுவாரமே எண் இறங்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

இங்கே ஓர் ஆய்வு முடிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட அளவீடுகளில், அவர்கள் சோதித்த ஸ்கிம்மர்கள் நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் எடுத்தன. மலிவானதும் விலை உயர்ந்ததும் இந்த எல்லையில் பெரிதாக வேறுபடவில்லை. காரணம், எஞ்சியுள்ள கரிமப் பொருள் குமிழியில் ஒட்டும் இயல்பற்றது. வாங்குபவருக்கு இதில் ஒரு தெளிவான பாடம் இருக்கிறது. பெரிய ஸ்கிம்மர் அந்த எல்லையை விரைவாக எட்டுமே தவிர, எல்லையைத் தாண்டிப் போகாது. "எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது" என்று கடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை இந்த இடத்திலேயே பாதி வலுவிழந்துவிடுகிறது.

முதல் படி: தேவையா என்று பாருங்கள்

நூறு லிட்டருக்குக் குறைவான நானோ தொட்டியில், இரண்டு கோமாளி மீன்களும் சில சாஃப்ட் கோரல்களும் மட்டும் இருந்தால், வாரம் 10 முதல் 15 விழுக்காடு நீரை மாற்றுவதே போதும். அந்த அளவுக்கென்று விற்கப்படும் சிறு ஸ்கிம்மர்களில் பல சத்தமும் நுண்குமிழிகளும் தரும் அளவுக்குப் பயன் தருவதில்லை. அந்தப் பணத்தை நல்ல உப்புக்கும் ஆர்.ஓ. கருவிக்கும் செலவிடலாம். அதற்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு, குறிப்பாக அடிக்கடி நீர் மாற்ற நேரமில்லாதவர்களுக்கு, ஸ்கிம்மர் தேவை என்றே கொள்ளலாம்.

இரண்டாம் படி: உண்மையான நீரளவைக் கணக்கிடுங்கள்

நம் தொட்டியின் வெளி அளவுகளைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 360 லிட்டர் வரும். பெரும்பாலோர் இதோடு சம்பின் 144 லிட்டரைக் கூட்டி, "500 லிட்டர் சிஸ்டம்" என்று சொல்லிக் கடைக்குப் போகிறார்கள். உண்மை நீரளவு அதைவிடக் கணிசமாகக் குறைவு.

கண்ணாடி 12 மி.மீ. தடிமன் என்றால் உள் நீளம் 117.6 செ.மீ., உள் அகலம் 57.6 செ.மீ. ஆகும். அடிக் கண்ணாடியின் தடிமனையும், மேலே நீர் நிற்காத 4 செ.மீ. இடைவெளியையும் கழித்தால் நீரின் உயரம் 44.8 செ.மீ. எனவே தொட்டியில் உள்ளது சுமார் 303 லிட்டர். உலர் எடையில் 30 கிலோ பாறையும் 30 கிலோ அராகனைட் மணலும் இருந்தால், அவற்றின் திடப்பகுதி சேர்ந்து ஏறக்குறைய 22 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும். பாறையின் நுண்துளைகளில் நீர் புகுந்துவிடுவதால் பார்வைக்குத் தெரியும் பருமன் முழுவதையும் கழிக்கக் கூடாது. மிஞ்சுவது 281 லிட்டர். சம்பில் நீர்மட்டம் 23 செ.மீ. என்று இருந்தால், கண்ணாடியும் கருவிகளும் போக 75 லிட்டர் அளவே அங்கே இருக்கும். ஆக மொத்தம் ஏறத்தாழ 355 லிட்டர். கடையில் சொன்ன ஐந்நூறுக்கும் இதற்கும் 150 லிட்டர் வேறுபாடு.

இத்தனைக் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. முதன்முதலாகத் தொட்டியை நிரப்பும்போது எத்தனை 20 லிட்டர் கேன் நீர் ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அது துல்லியமானது, பின்னால் மருந்தளவுக்கும் கால்சியம், காரத்தன்மை அளவுக்கும் அதுவே உதவும்.

கேலனில் எழுதப்பட்ட அளவுகளைப் படிக்கும்போது அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர் என்பதையும், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 355 லிட்டர் என்பது அமெரிக்கக் கணக்கில் 94 கேலன், பிரிட்டிஷ் கணக்கில் 78 கேலன்.

மூன்றாம் படி: தீனியைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மீன்களின் எண்ணிக்கையை வைத்துச் சுமையை மதிப்பிடுவது தோராயமான வழி. மூன்று சென்டிமீட்டர் கோபியும் இருபது சென்டிமீட்டர் சர்ஜன் மீனும் எண்ணிக்கையில் ஒன்றுதான், உண்பதிலும் கழிப்பதிலும் ஒன்றல்ல. தொட்டிக்குள் புதிதாக நுழையும் கரிமப் பொருளுக்கு ஏறக்குறைய ஒரே வாயில் தீனிதான், ஆகையால் அதை அளந்தால் சுமை தானே தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு 5 கிராம் உலர் குருணைத் தீனி போடுகிறீர்கள் என்று கொள்வோம். அதில் 45 விழுக்காடு புரதம் என்றால் 2.25 கிராம் புரதம் உள்ளது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன், அதாவது 0.36 கிராம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 1.6 கிராம் நைட்ரேட் உருவாகும். 355 லிட்டரில் அது நாளொன்றுக்கு 4.5 பிபிஎம். இப்போது அதே தொட்டியில் 3 கிராம் எடையுள்ள ஓர் உறைந்த மைசிஸ் (சிறு இறால் போன்ற உயிரி) கட்டியை மட்டும் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த தீனியில் பெரும்பகுதி நீர்தான், புரதம் பொதுவாகப் பத்து விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். பத்து என்றே கொண்டாலும் வருவது 0.6 பிபிஎம் மட்டும். இரண்டும் மேல்வரம்புகள்தான், ஏனெனில் மீன் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்வதும், பாசியும் பாக்டீரியாவும் எடுத்துக்கொள்வதும் இதில் கழிக்கப்படவில்லை. ஆயினும், ஒரே 355 லிட்டர் தொட்டியில் இரண்டு வீட்டாரின் சுமை ஏழு மடங்குக்கு மேல் வேறுபட முடியும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பெட்டியில் உள்ள "லிட்டர் வரை" என்னும் எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சமையலறைத் தராசில் ஒரு வாரத் தீனியை எடைபோட்டு, உலர் தீனியையும் உறைந்த தீனியையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு உறைந்த கட்டிகளோ, ஒரு கிராமுக்குட்பட்ட உலர் தீனியோ என்றால் நம் தொட்டிக்கு அது குறைந்த சுமை. மூன்று கிராம் வரை உலர் தீனி என்றால் நடுத்தரம். அதற்கு மேற்பட்டால், அல்லது ஒரு நாளைக்குப் பல வேளை உண்ணும் ஆந்தியஸ் மீன் கூட்டமோ, வளர்ந்த சர்ஜன் மீன்களோ, இறைச்சி உண்ணும் லயன் மீனோ இருந்தால் அதிகச் சுமை. பவளங்களுக்கென்று தனியாகத் தூள் உணவோ, அமினோ அமிலமோ ஊற்றுபவர்கள் சுமையில் ஒரு நிலை (குறைந்தது என்றால் நடுத்தரம்) கூட்டிக்கொள்ள வேண்டும். வோட்கா, வினிகர், பயோபெல்லட் (பாக்டீரியா உண்ணும் பிளாஸ்டிக் மணிகள்) போன்ற கார்பன் ஊட்டும் முறையைக் கையாள்பவர்களும் அவ்வாறே கூட்ட வேண்டும். அம்முறையில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு பெருகும் பாக்டீரியாவை வெளியேற்றும் வேலை ஸ்கிம்மரின் தலையில்தான் விழுகிறது, அது சிறியதாக இருந்தால் நீர் வெண்மையாகக் கலங்கி ஆக்சிஜன் குறையும் ஆபத்து உண்டு.

எதிர்த்திசையில் கழிக்க வேண்டியவையும் உள்ளன. சம்பில் சீட்டோ என்னும் பாசியை வளர்க்கும் ரெஃப்யூஜியம் என்ற தனி அறையோ, பாசியை வளர்த்து அறுவடை செய்யும், நன்றாக இயங்கும் பாசி ஸ்க்ரப்பரோ இருந்தால் ஒரு நிலை குறைக்கலாம். வாரம்தோறும் தவறாமல் 15 விழுக்காடு நீர் மாற்றுபவருக்கும் அது பொருந்தும். "தவறாமல்" என்ற சொல்லை நேர்மையாக எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பெட்டி எண்ணை உங்கள் எண்ணாக மாற்றுங்கள்

ரீஃப் ஆக்டோபஸ், பபிள் மேக்னஸ் போன்ற நிறுவனங்கள் தம் ஸ்கிம்மர்கள் பலவற்றுக்கும் குறைந்த, நடுத்தர, அதிகச் சுமைகளுக்கென்று தனித்தனி எண்கள் தருகின்றன. அப்படித் தந்திருந்தால், உங்கள் சுமைக்குரிய எண்ணை மட்டும் பாருங்கள், முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் குறைந்த சுமைக்கானதே என்று கொள்வது பாதுகாப்பு.

ஒரே எண் தந்திருந்தால் நான் கையாளும் கட்டை விரல் விதி இது. குறைந்த சுமைக்கு உண்மை நீரளவைப் போல் ஒன்றேகால் மடங்கு, நடுத்தரச் சுமைக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதிகச் சுமைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு. நம் 355 லிட்டர் தொட்டிக்கு நடுத்தரச் சுமை என்றால், "530 முதல் 710 லிட்டர் வரை" என்று அச்சிட்ட கருவிகளைப் பார்க்கலாம். கடையில் சொன்ன 500 லிட்டரை இரண்டால் பெருக்கியிருந்தால் ஆயிரம் லிட்டர் கருவியை வாங்கியிருப்போம். அதன் விளைவை அடுத்த படியில் காணலாம்.

ஐந்தாம் படி: கழுத்தையும் காற்றையும் பாருங்கள்

பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள அளவுகளே ஸ்கிம்மரின் உண்மையான அளவு. அவற்றுள் முக்கியமானது கழுத்தின் விட்டம். நுரை நிலைத்து நின்று மேலேற வேண்டுமானால், கழுத்தின் பரப்பு முழுவதையும் நிரப்பும் அளவுக்கு ஒட்டும் பொருள் நீரில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கழுத்தின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., 15 செ.மீ. என்றால் 177 சதுர செ.மீ. விட்டம் ஒன்றரை மடங்காகும்போது நுரை நிரப்ப வேண்டிய பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. குறைந்த தீனி விழும் தொட்டியில் அகன்ற கழுத்துள்ள ஸ்கிம்மரை வைத்தால் நுரை பாதி வரை ஏறிச் சரியும். மீனுக்கு உணவிட்ட சில மணி நேரத்துக்குப் பின் சட்டென்று எழும், பிறகு நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். உரிமையாளர் பொறுமையிழந்து நீர்மட்டத்தை உயர்த்துவார். அப்போது கோப்பையில் விழுவது கெட்டியான கழிவாக இராது, வெளிறிய தேநீர் நிற உப்புநீராகத்தான் இருக்கும், அதனோடு தொட்டியின் உப்பளவும் மெல்லக் குறையும்.

மிகைப்பட்ட ஸ்கிம்மர் "நுண் தனிமங்களை உறிஞ்சிவிடும்" என்ற அச்சம் பரவலாக உள்ளது. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கவலை வேறு. மீன் குறைவான புதுத் தொட்டியில் வலிமையான ஸ்கிம்மரையும் பாஸ்பேட் நீக்கியையும் ஒருசேர ஓட்டி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தைத் தொட்டுவிட்டால், பவளங்கள் வெளிறுவதும், பழுப்பு நிறக் கோழையாகப் படரும் டைனோஃப்ளாஜெலேட் என்னும் நுண்ணுயிர்த் தொல்லையும் தொடங்கலாம். கலப்புத் தொட்டிக்கு நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற இடைவெளியே வசதியானது.

அடுத்தது காற்றின் அளவு. இது பெரும்பாலும் மணிக்கு எத்தனை லிட்டர் என்று குறிக்கப்படும், கன அடியில் தந்திருந்தால் ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல நீடில் வீல் (ஊசிகள் பதித்த சுழலியால் காற்றைச் சிதறடிக்கும்) ஸ்கிம்மரில், உண்மை நீரளவுக்குச் சமமாகவோ இரு மடங்குக்குள்ளாகவோ மணிக்குக் காற்று இழுக்கப்பட்டால் போதும் என்பது என் கணிப்பு. நம் தொட்டிக்கு அது 350 முதல் 700 லிட்டர். ஆனால் காற்றின் அளவை மட்டும் துரத்தக் கூடாது. ஒடுங்கிய உடலுக்குள் அளவுக்கு மீறிய காற்று பீறிட்டால் உள்ளே கொந்தளிப்பு ஏற்பட்டு, ஒட்டிய மூலக்கூறுகள் கழுத்தை அடையுமுன் உதிர்ந்துவிடும். உடலின் விட்டம், பம்ப்பின் காற்று, கழுத்து ஆகிய மூன்றும் இசைவாக இருப்பதே நல்ல வடிவமைப்பு. 355 லிட்டர் நடுத்தரச் சுமைக்கு 14 முதல் 16 செ.மீ. உடலும், 9 முதல் 11 செ.மீ. கழுத்தும் உள்ள கருவி பொருத்தமாக அமையும். பம்ப் எத்தனை லிட்டர் நீர் தள்ளுகிறது என்ற எண் மட்டும் தந்து காற்றளவைச் சொல்லாத கருவியை நான் வாங்க மாட்டேன்.

அளவில் ஐயம் ஏற்படும்போது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் உள்ள கருவியைத் தேர்ந்தெடுப்பது நல்ல உத்தி. மீன்கள் குறைவான முதல் ஆண்டில் பாதி வேகத்தில் ஓட்டிவிட்டுப் பின்னர் கூட்டலாம். கழுத்தின் அகலத்தை மட்டும் எந்தக் கன்ட்ரோலராலும் குறைக்க முடியாது.

ஆறாம் படி: வைக்கும் இடத்தை அளவெடுங்கள்

கணக்கெல்லாம் சரியாக இருந்து, கருவி அலமாரிக்குள் நுழையாமல் திரும்பிப் போன கதைகள் உண்டு. சம்ப் அறையின் நீளம், அகலம், அலமாரியின் உள் உயரம் ஆகிய மூன்றையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஸ்கிம்மரின் உயரத்தோடு, கோப்பையைத் தூக்கிக் கழற்ற மேலே 10 முதல் 15 செ.மீ. இடம் வேண்டும். பம்ப் உடலுக்கு வெளியே துருத்தி நிற்கும் வகை என்றால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

சம்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பெரும்பாலும் 18 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கென்று வடிவமைக்கப்பட்டவை. நிறுவனம் சொன்ன ஆழத்தைவிட உங்கள் நீர்மட்டம் அதிகமானால், கீழே அக்ரிலிக் பலகையாலோ லைட்டிங் கிரிட்டாலோ (விளக்குகளுக்கு அடியில் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டத்தட்டு) ஒரு மேடை செய்து உயர்த்தலாம். நீர்மட்டம் குறைவானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது மட்டம் மாறாமல் இருப்பது. தொட்டியிலிருந்து வழிந்துவரும் ஓவர்ஃப்ளோ நீர் நேராக விழும் முதல் அறையில், தடுப்புக் கண்ணாடியின் உயரமே மட்டத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் ஸ்கிம்மரை வையுங்கள். ஆவியாதலால் மட்டம் ஏறி இறங்கும், நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் உள்ள அறையில் வைத்தால், மிகச் சரியான அளவுள்ள கருவியும் தினமும் ஒரு குணம் காட்டும்.

சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் விளிம்பில் தொங்கும் வகை உண்டு, இதில் ஒரு படி பெரிதாக வாங்குவதே சரி. ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு ரீசர்குலேட்டிங் வகை பொருந்தும். அதில் உள்ளே நுழையும் நீரும் உள்ளே சுழலும் நீரும் தனித்தனி என்பதால், குமிழிக்குக் கிடைக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தலாம்.

ஏழாம் படி: மின்சாரத்தையும் காற்றோட்டத்தையும் எண்ணிப் பாருங்கள்

வெளிநாட்டு உறவினர் வழியாகக் கருவி வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. (மாற்று மின்னோட்ட) பம்ப்பின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும் காந்தச் சுழலி, நம்முடைய 50 ஹெர்ட்ஸில் 3,000 சுற்றே சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் தந்தாலும் இது மாறாது, காற்றளவு குறைந்து, அங்கே எழுதிய லிட்டர் எண் இங்கே செல்லாததாகிவிடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் வடிவத்தையே கேட்டு வாங்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது ஏ.சி. பம்ப்கள் இரைச்சலிட்டுச் சூடாவதும் உண்டு, ஆகவே இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன் அலை வகையோ டி.சி. பம்ப்போ நல்லது.

மின்வெட்டின்போது நடப்பதையும் அளவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ரிட்டர்ன் பம்ப் நின்றதும் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் நீர் கீழிறங்கினால் அது 13.5 லிட்டர், நம் சம்பில் அது மட்டத்தை 4 செ.மீ. உயர்த்தும். மின்சாரம் திரும்பிய நொடியில் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் தொடங்கி, கோப்பையை நிரப்பி, கழிவையெல்லாம் சம்பிலேயே கொட்டிவிடும். ஸ்கிம்மரை ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும் டைமரோ, கோப்பையில் ஒரு ஃப்ளோட் சுவிட்சோ இதைத் தடுக்கும். பெரிய கழுத்தும் பெரிய பம்ப்பும் உள்ள கருவியில் இந்த வழிதல் இன்னும் வேகமாக நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்கிம்மர் நீருக்கு ஆக்சிஜன் சேர்க்கும் கருவியும்தான். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) உப்புநீர் 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மி.கி. ஆக்சிஜனையும், 30 பாகையில் 6.2 மி.கி. ஆக்சிஜனையும் மட்டுமே தாங்கும். மே மாதத்தில் சில்லர் இன்றி 29, 30 பாகையில் ஓடும் தொட்டியில் மீன்களின் தேவை கூடி, நீரின் கொள்திறன் குறையும்போது, சற்றுக் கூடுதலான காற்றளவு காப்பாக நிற்கும். ஆனால் கதவடைத்துக் குளிர்சாதனம் ஓடும் அறையில் கரியமில வாயு சேர்வதால், ஸ்கிம்மர் அதையும் நீருக்குள் செலுத்தி பி.ஹெச்.-ஐ இறக்கும். காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும், அதற்காகப் பெரிய ஸ்கிம்மர் வாங்க வேண்டியதில்லை. குழாய் மிக நீண்டால் காற்றளவு குறையும், எனவே உள்விட்டம் கூடிய குழாயைப் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

புதுக் கருவியின் அக்ரிலிக்கில் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதை வினிகர் கலந்த நீரில் ஓட்டிக் கழுவினால் பழகும் காலம் சுருங்கும். ஆயினும் சில நாள்களிலிருந்து இரண்டு வாரம் வரை நுரை ஒழுங்கற்றே இருக்கும். அந்தக் காலத்தில் அளவைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். கையைத் தொட்டிக்குள் விட்டாலும், கொழுப்பு மிகுந்த தீனி போட்டாலும் நுரை சில மணி நேரம் அடங்குவது இயல்பு. எபாக்ஸி பசையோ சில மருந்துகளோ சேர்ந்தால் மாறாகப் பொங்கி வழியும்.

ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோப்பை மூன்று நான்கு நாள்களில் அடர் பழுப்பு நீரால் பாதி முதல் முக்கால் வரை நிரம்பி, கழுத்தின் உட்சுவரில் கெட்டியான கசடு படிந்தால் அளவு பொருந்தியிருக்கிறது. அதே கெட்டியான கழிவு ஒரே நாளில் நிரம்பி, நைட்ரேட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் கருவி சிறியது. கழுத்தில் கசடு படிந்தும் நுரை கோப்பையை எட்டாமல் நின்றால், பெரியதாக இருக்கலாம். இந்த முடிவுக்கு வருமுன் கழுத்தைத் துடையுங்கள், அதில் படியும் கொழுப்பே நுரையை உடைக்கும். காற்று நுழையும் துளையில் உப்பு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரை அதன் வழியே இழுக்கவிட்டால் திறந்துகொள்ளும். "ஸ்கிம்மர் போதவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தத் துளையிலேயே தீர்ந்துவிடும். பம்ப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுண்ணப்படிவை நீக்குவதும் அவசியம்.

கருவி உண்மையிலேயே பெரியதென்று தெரிந்தால் உடனே விற்க வேண்டியதில்லை. டி.சி. பம்ப் என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஏ.சி. என்றால், பாஸ்பேட் நீக்கியை நிறுத்திவிட்டு மீன்களுக்குச் சற்றுத் தாராளமாகத் தீனி கொடுங்கள், பவளங்களுக்கும் அது நல்லதே. சிறியதென்று தெரிந்தால், தீனியைக் குறைத்து மீன்களைப் பட்டினி போடுவதைவிட, நீர் மாற்றத்தைக் கூட்டியோ ரெஃப்யூஜியம் சேர்த்தோ சமாளித்துக்கொண்டு, அடுத்த அளவுக்கு மாறலாம்.

பழைய கருவி வாங்குபவர்கள் சுழலியின் ஊசிகள் ஒடிந்துள்ளனவா, பீங்கான் தண்டில் விரிசல் உண்டா, உடலின் ஒட்டுகளில் மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதே மாடலுக்கு உதிரிச் சுழலி நம் ஊரில் கிடைக்கிறதா என்பதையும் கடையில் கேட்டுக்கொண்ட பிறகே விலை பேச வேண்டும். வேறு பம்ப்பை மாட்டி ஓட்டினால் காற்றளவு மாறிவிடும், இதுவரை போட்ட கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.